இறங்கு என்னும் ஏவல்

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவனை மயக்குபவை அம்மொழியின் நெடுஞ்சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு சொற்களே. ‘கெட்’ என்பது ஒரு வினை. தனித்து நின்றால் பெறு, அடை என்று அகராதி அதற்குப் பொருள் கூறும். அதன் பின்னே ‘அப்’ என்பதை ஒட்டினால் ‘எழு’ என்றாகும். ‘இன்’ என்பதை ஒட்டினால் ‘ஏறு’ என்றாகும். ‘அவுட்’ என்பதை ஒட்டினால் ‘வெளியே போ’ என்றாகும். ‘டவுன்’ என்பதை ஒட்டினால் ‘இறங்கு’ என்றாகும். செயலுக்கு ஒரு வேர்ச்சொல்லென நாம் வைத்திருக்க, ஆங்கிலேயர் ஒரே வினையை வைத்துக்கொண்டு அதன் வாலை மட்டும் மாற்றிக்கொள்கின்றனர்.

வாலை மாற்றுவதோடும் இத்தொல்லை தீர்வதில்லை. ‘கெட் டவுன்’ என்ற அத்தொடர் ஒன்றே இடத்துக்கு இடம் வேறுபடும். ஒருவன் வேலையிலே ‘கெட் டவுன்’ செய்தால், ஊக்கத்தோடு வேலையில் இறங்கினான் என்பது பொருள். கவலை ஒருவனைக் ‘கெட் டவுன்’ செய்தால், மனம் சோர்ந்தான் என்பது பொருள். மருந்தைச் செய்தால் விழுங்கினான். கேட்ட பேச்சைச் செய்தால் எழுதிக்கொண்டான். ஊர்தியைப் பற்றிய பேச்சானால், அதிலிருந்து இறங்கினான். இக்காலத்து இங்கிலாந்தில் பேருந்திலிருந்து இறங்குவதைக் ‘கெட் ஆஃப்’ என்பதே பெருவழக்கு. குதிரையும் கோச்சு வண்டியும் ஊர்தியாயிருந்த நாளில் ‘கெட் டவுன்’ என்பது அங்கும் வழங்கியதே. நம்மவர் பேசும் ஆங்கிலத்தில் அது இன்றளவும் உயிரோடிருக்கிறது. நம்முடைய ‘இறங்கு’ என்னும் சொல் அதற்கு ஊன்றுகோலாயிற்று எனலாம்.

ஆகவே ஒரு தொடரின் பொருளை அகராதியில் மட்டும் தேடுவது போதாது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த இடத்தில் சொன்னார் என்பவற்றையும் சேர்த்து நோக்கினாலன்றிப் பொருள் விளங்காது. இவ்வுண்மையைப் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தினும் தெளிவாக விளக்கும் வரலாறு ஒன்று மலேயா நாட்டிலே, கிள்ளான் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களிலே உண்டு. அதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

வரலாற்றினுள் புகுமுன் நம் இலக்கணத்தைச் சிறிது நினைவு கூர்வோம். தமிழில் ‘இறங்கு’ என்பது தன்வினை. ‘இறக்கு’ என்பது பிறவினை. தானே கீழே வருபவன் இறங்குகிறான். பிறர் கைப்பட்டுக் கீழே வருபவன் இறக்கப்படுகிறான். மெல்லெழுத்து வல்லெழுத்தாய் மாறும்போது, செய்பவன் செய்யப்படுபவனாகிவிடுகிறான். மேலும், ஏவுவதிலும் நம் மொழி படிகள் வகுத்துள்ளது. ‘இறங்கு’ என்பது ஒருமை ஏவல். ‘இறங்குங்கள்’ என்பது மதிப்புச் சேர்ந்தது. ‘இறங்குக’ என்பது வியங்கோள். ஆங்கிலத்தின் ‘கெட் டவுன்’ என்னும் ஏவலுக்கு இந்தப் படிகள் கிடையா. அரசனுக்கும் அதுவே, அடிமைக்கும் அதுவே. குரலும் பார்வையும் கைப்பிரம்புமே அங்கே வேற்றுமை செய்யும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். தமிழன் கிள்ளான் வட்டாரத்தில் முதலில் செய்த செயலே இறங்குதல்தான். 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், 1972ஆம் ஆண்டு முதல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் பெற்றது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய ஏழை மக்கள் பினாங்கைக் கடந்து இத்துறையில் இறங்கினர். நோய்த் தடைக்கென அமைந்த முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, பின்னர் தோட்டந்தோறும் பங்கிடப்பட்டனர். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முதலாளிமார் கட்டும் வரிப் பணத்தால் கூலிகளின் கப்பல் செலவு நடைபெற்றது. ஊருக்குச் சென்று உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வருபவன் கங்காணி. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் இவ்வாறு உதவி பெற்று வருதல் தொடர்ந்தது.

அந்நாளைய ஆங்கில ஆவணங்கள் இதனைத் தொழிலாளர் ‘இறக்குமதி’ என்னும் பொருள்பட எழுதின. அரிசி மூட்டையும் இறக்குமதி, ஆளும் இறக்குமதி! இறக்குமதி என்னும் சொல் ‘இறக்கு’ என்ற பிறவினையின் வழி வந்தது. கப்பலிலிருந்து தன் காலால் நடந்து இறங்கியவனைச் சரக்கைப் போல இறக்கப்பட்டவனாகக் கணக்குப் புத்தகம் பதிந்துகொண்டது. வந்தவன் தன்வினை என்று எண்ணியதை, வரவழைத்தவன் பிறவினையாகவே எழுதிவைத்தான்.

துறைமுகத்துக்கு அடுத்தது இருப்புப் பாதை. கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரையில் 1886இல் முதல் பாதை ஓடிற்று. ஆற்றுக்குப் பாலம் அமைந்தபின் 1890இல் அது கிள்ளான் நகரை எட்டியது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், அப்பாதையால் இரயில்வேத் தொழிலாளரின் குடியிருப்பாயிற்று. தண்டவாளம் போட்டவனும், இயந்திரத்துக்கு நெருப்பூட்டியவனும், நிலையத்தில் பயணச்சீட்டு எழுதியவனும் பெரும்பாலும் தமிழகத்தையோ யாழ்ப்பாணத்தையோ சேர்ந்தவர்கள். அங்கே ‘இறங்கு’ என்பது ஊர்ப்பெயரோடு சேர்ந்து வழங்கும் எளிய சொல். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று ஒருவன் கேட்பான், மற்றொருவன் சொல்வான். அதில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை.

ஆனால் இரயில் வண்டியிலும் இச்சொல் நச்சுச் சொல்லாக மாறியதுண்டு. 1893ஆம் ஆண்டு சூன் மாதம் 7ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் நிறத்தின் காரணமாக வண்டியினின்றும் தள்ளப்பட்டார். அவர் காந்தி. தானாக இறங்க மறுத்தார், ஆகவே இறக்கப்பட்டார். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேற்றுமை இங்கே பளிச்சென்று விளங்குகிறது. இறக்கியவன் தன் வன்முறையை ஒளிக்க முடியவில்லை. உலகம் அதைக் கண்டது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. தள்ளாமல், தொடாமல், வாய் திறந்து சொல்லவும் செய்யாமல், மனிதனைத் தானாகவே இறங்கும்படி செய்வது அது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்தது இதுவே.

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு அந்நாளில் சொத்து என்று சொல்லத்தக்க பொருள் எதுவுமில்லை. குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குரியது. வெட்டும் கத்தியும் பால் வாளியும் தோட்டத்துக்குரியவை. விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும் நேரமுங்கூடத் தோட்டத்துக்குரியதே. 1930க்குப் பின் ஜப்பானிய நாட்டு மலிவுச் சைக்கிள்கள் மலேயாவில் பரவின. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒருவன் ஒரு சைக்கிளை வாங்கினால், அவன் வாழ்நாளில் தனக்கென்று வாங்கிய முதற்பெரும் பொருள் அதுவாகவே இருக்கும். அது வெறும் ஊர்தியன்று. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தமக்கையைக் காணவும், கிள்ளான் நகரத்துக் கூட்டத்துக்குச் செல்லவும், ஒரு செய்தித்தாளை வாங்கி வந்து லயத்தில் பத்துப் பேர் நடுவே படிக்கவும் அதுவே வழி. தோட்டத்தின் எல்லையைக் கடக்க இரண்டு சக்கரங்கள் கிடைத்தன என்றே கொள்க.

அந்தச் சக்கரங்களின் மேல் அவன் செல்லும்போது எதிரே துரை வருகிறார். உடனே தொழிலாளி சைக்கிளை நிறுத்திக் கீழே இறங்க வேண்டும். துரை கடந்து போகும் வரையில் நிலத்தில் நிற்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் எழுதிய விதியன்று இது, வழக்கம். துரைக்கு மட்டும் செய்யும் மரியாதையா என்றால் அதுவுமன்று. கிராணிக்கும் மற்ற ஆசிய உத்தியோகஸ்தர்க்கும் அதே மரியாதை. கிராணி மலையாளியாக இருக்கலாம், யாழ்ப்பாணத்தவராக இருக்கலாம், நம் ஊராராகவும் இருக்கலாம். அவர் துரையிடம் கைகட்டி நிற்பார். அக்கைக் கட்டை அவிழ்த்த மறுகணம், தம் எதிரே மற்றொருவன் இறங்கி நிற்பதைக் காண விரும்புவார்.

இங்கே ‘இறங்கு’ என்னும் ஏவல் உரக்கச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய தேவையுமில்லை. இறங்கியவனைக் கண்டு, ‘அவனே இறங்கினான், யாரும் அவனைத் தொடவில்லை’ என்று சாட்சி சொல்லலாம். இலக்கணப்படி அது தன்வினை. உண்மையில் அது பிறவினை. ஆளும் கூட்டத்தார் கையாளும் மிகக் கூரிய கருவி இதுதான்: தாம் செய்யும் கொடுமையைப் பாதிக்கப்பட்டவனுடைய கையாலேயே செய்வித்துவிடுதல்.

இந்த வழக்கத்தை வெள்ளையன் மட்டும் புதிதாகக் கொணர்ந்தான் என்று சொல்லி நாம் கைகழுவிவிட முடியுமா? முடியாது. தோட்டங்களுக்கு வந்தவர்களுள் கணிசமான பகுதியினர் ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊரின் நிலை என்ன? 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்களுக்கு எதிராக ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியலாகாது, சட்டையும் பனியனும் போடலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, இப்படிச் செல்கிறது அந்தப் பட்டியல். குடையும் செருப்பும் மனிதனைச் சிறிதளவேனும் உயர்த்திக் காட்டுபவை. அவை ஆகா என்றால் என்ன பொருள்? இறங்கியே இரு என்பதுதான் பொருள். காந்தி இரயிலிலிருந்து தள்ளப்பட்ட அதே 1893ஆம் ஆண்டில், திருவிதாங்கூரில் அய்யன்காளி என்னும் பெருமகனார் தடையை மீறி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையிலே சென்றார். அங்கே தடுத்தவன் வெள்ளையன் அல்லன். உள்நாட்டுச் சாதி வெறியன். ஆகவே தோட்டத்துத் துரை ஒரு புது வழக்கத்தைக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. இறங்கிப் பழகிய கால்களை அவர் கண்டார், பயன்படுத்திக்கொண்டார்.

ஆயினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. மலேயாவுக்கு வந்தார், சுயமரியாதை என்னும் சொல் தோட்டத்து லயங்களையும் எட்டிற்று. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘தமிழ் முரசு’ முதலிய இதழ்கள் படிக்கப்பட்டன. 1937இல் நேரு மலேயாவைச் சுற்றிப் பார்த்தார். தன் நாட்டில் நடக்கும் கிளர்ச்சியைக் கேட்டறிந்த தொழிலாளி, தன் நிலையையும் எண்ணிப் பார்க்கலானான்.

1941ஆம் ஆண்டு பிறந்தது. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பரின் தேவை உயர்ந்தது, தோட்டங்களின் வருவாய் உயர்ந்தது, விலைவாசியும் உயர்ந்தது. இந்தியத் தொழிலாளியின் கூலியோ சீனத் தொழிலாளியின் கூலிக்குத் தாழ்ந்தே கிடந்தது. ‘தமிழ் நேச’னில் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரைத் திரட்டினர். ஆண்டின் தொடக்க மாதங்களில் வேலை நிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைக் கவனிக்க வேண்டும். சீனருக்கு இணையான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். தக்க மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கொடிய உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் அறிந்தவரை அமர்த்த வேண்டும். உத்தியோகஸ்தர்கள் பெண்களை மானபங்கம் செய்தல் ஒழிய வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். இவற்றோடு மற்றொன்றும் இருந்தது: ஐரோப்பியர், ஆசிய உத்தியோகஸ்தர் ஆகியோர் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும்!

வயிற்றுக்குக் கேட்டவன் சைக்கிளைப் பற்றி ஏன் கேட்டான் என்று சிலர் நகைக்கக்கூடும். பசியோடு ஒப்பிட இது சிறு செய்தியன்றோ என்பர். சிறு செய்தியானால் முதலாளிமார் அதை அன்றே விட்டுக் கொடுத்திருக்கலாமே! ஒரு காசும் செலவில்லாத கோரிக்கையன்றோ அது? கூலியை உயர்த்தினால் கணக்கில் குறையும். வேலை நேரத்தைக் குறைத்தால் பால் குறையும். சைக்கிளில் ஒருவன் இருந்தபடியே போனால் எது குறையும்? துரைத்தனம் குறையும். தோட்டம் முழுவதும் அந்த ஒன்றின் மேலேயே நிற்கிறது என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர். குறைந்த கூலியை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் போகின்றவன், சாலையில் தினமும் இறங்கி இறங்கிப் பயின்றவனே. சாலையில் இறங்க மறுப்பவன், நாளைக்குக் கூலியிலும் இறங்கிப் போகமாட்டான். எனவே இக்கோரிக்கை பட்டியலின் கடைசிச் சிறு வரி அன்று, மற்றவற்றுக்கெல்லாம் வேர்.

அரசாங்கம் எவ்வாறு விடை கூறியது? 1941 மே மாதம் 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கி வெடித்தது. தொழிலாளருள் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். பலர் சிறைப்பட்டனர்; பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இறக்குமதி செய்யப்பட்டவரை ஏற்றுமதி செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணினர் போலும்!

இவ்விடத்தில் நாம் முன்னர்க் கண்ட ‘கெட் ஆஃப்’ என்னும் தொடரை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். ஊர்தியிலிருந்து இறங்குதல் என்பது அதன் ஒரு பொருள். குற்றம் செய்தும் தண்டனையின்றித் தப்புதல் என்பது மற்றொரு பொருள். ஒரே தொடர்தான். தொழிலாளியைப் பற்றிச் சொன்னால் முதற்பொருள். அவனை இறங்க வைத்தவரைப் பற்றிச் சொன்னால் இரண்டாம் பொருள். சூழ்நிலையே பொருளைத் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

அதே ஆண்டு முடிவதற்குள் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது, கசப்பான வேடிக்கை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. அப்படையினருள் பெருந்தொகையினர் சைக்கிளின் மேலேயே தெற்கு நோக்கி விரைந்தனர். டயர் வெடித்தபோது வெறும் சக்கர விளிம்பின் மேலேயே ஓட்டினர். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. எந்தச் சைக்கிளின் மேல் தமிழன் அமர்ந்திருத்தல் ஆகாது என்று துரைமார் கருதினரோ, அந்தச் சைக்கிளே அவர்களுடைய ஆட்சியைத் துரத்திற்று.

ஆயினும் அதைக் கண்டு தொழிலாளி மகிழ இடமில்லை. வந்தவன் வெள்ளையன் அல்லன். ஆனால் அவனும் எசமானனே. காவல் நிற்கும் ஜப்பானியச் சிப்பாயைக் கடப்பவர் சைக்கிளை விட்டு இறங்கித் தலை வணங்க வேண்டும் என்றாயிற்று. வணங்கத் தவறினால் அறை விழும். பல்லாயிரம் தமிழர் இரயிலில் ஏற்றப்பட்டு, சயாமிலே இறக்கப்பட்டு, பர்மாவுக்குப் பாதை போடும் கொடுந்தொழிலில் மாண்டனர். எசமானன் நிறம் மாறினால் ஏவல் மாறிவிடாது. ஏவப்படுபவன் மாற வேண்டும் என்பதே அந்நாட்கள் புகட்டிய பாடம்.

போர் முடிந்தது. ஆங்கிலேயர் மீண்டனர், பின் நீங்கினர். தொழிற்சங்கங்கள் தோன்றின, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இன்று அவ்வட்டாரத்தின் பழைய தோட்டங்களில் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. 2010இல் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ என்று அணி செய்யப்பட்டது. அங்கே இரயிலிலிருந்து இறங்கும் இளைஞன் எவரையும் கண்டு அஞ்சி இறங்குவதில்லை. தான் சேர வேண்டிய இடம் வந்தது என்பதற்காகவே இறங்குகிறான். ‘இறங்கு’ என்னும் சொல் தன் பழைய எளிய பொருளைத் திரும்பப் பெற்றது. அதைப் பெற்றுத் தந்தவர்களுள் 1941இல் குண்டடி பட்டு வீழ்ந்த தோட்டத் தொழிலாளரும் உண்டு என்பதை அவ்விளைஞன் அறிவானா?

அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. தாய்நாட்டின் சிற்றூர்கள் சிலவற்றில் ஒடுக்கப்பட்டவன் ஆதிக்கச் சாதித் தெருவிலே வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற இழிவழக்கம் விடுதலைக்குப் பின்னும் நெடுநாள் பேசப்பட்டது. கிள்ளானில் வெள்ளைத் துரையிடம் நாம் கேட்ட உரிமையை, நம் தெருவில் நம் உடன்பிறந்தானுக்குத் தர மறுப்போமாயின், நாம் எதிர்த்தது கொடுமையையா, கொடுமை செய்தவன் நிறத்தையா?

தமிழில் ‘இறங்கு’ என்பதற்கும் ‘இரங்கு’ என்பதற்கும் இடையே ஓரெழுத்தே வேற்றுமை. வல்லினம் இருந்தால் கீழே வா என்பது. இடையினம் இருந்தால் பிறர் துயர் கண்டு உருகு என்பது. உயர்ந்த இடத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பவன் இரங்கக் கற்றால், தாழ்ந்தவன் எனப்பட்டவன் இறங்க வேண்டிய தேவை இராது. ஆனால் அவன் இரங்கும் வரையில் காத்திருக்க வேண்டுமென்று கிள்ளான் தொழிலாளி எண்ணவில்லை. இரக்கத்தை அவன் கேட்கவில்லை, உரிமையைக் கேட்டான்.

ஆங்கிலம் கற்கும் நம் இளைஞர், ‘கெட் டவுன்’ என்னும் தொடருக்குரிய பொருள்களை எழுதும்போது, வேலையில் முனைந்து இறங்குதல் என்னும் முதற்பொருளைத் தமக்கு வைத்துக்கொள்வாராக. பிறர் ஏவ இறங்குதல் என்னும் பொருளை வரலாற்றுக்கு விட்டுவிடுவாராக. அதைப் பிறர் மேல் ஏவுவதில்லை என்றும் உறுதி கொள்வாராக.